வண்டிக்கு அடியில் நடப்பவை: பெரிய கார் நிறுவனங்களின் இணைப்புகள் குறித்து

1. கேள்வியை வைக்கும் முறை

பெரிய கார் நிறுவனங்கள் ஒன்றோடொன்று இணைந்தால் அந்த இணைப்பு வெற்றி பெறுமா என்ற கேள்விக்கு இரண்டு பழைய விடைகள் இருக்கின்றன. நிதியியல் பேசுவோர் தரும் விடை, பெரும்பாலும் பெறாது என்பது. இணைப்புகளிலும் கையகப்படுத்தல்களிலும் 70 முதல் 90 விழுக்காடு தோற்கின்றன என்று 2011இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் கிளேட்டன் கிறிஸ்டென்சனும் உடன் எழுதியவர்களும் குறிப்பிட்டார்கள். அதன்பின் அந்தக் கணக்கு எந்தத் தொழிலைப் பற்றிய விவாதத்திலும் மறுகேள்வி இல்லாமல் எடுத்தாளப்படுகிறது. அதற்கும் முன்னால், 1986இல், ரிச்சர்ட் ரோல் இதற்கு ஒரு காரணம் சொல்லியிருந்தார்: வாங்கும் நிறுவனத்தின் தலைமை தன் மதிப்பீட்டின் மீது அளவுகடந்த நம்பிக்கை வைத்து, சந்தை நிர்ணயித்த விலையைவிடக் கூடுதலாகக் கொடுத்துவிடுகிறது. கார் தொழிலுக்குள் இருப்பவர்களின் விடை இதற்கு நேர் எதிரானது. ஜார்ஜ் மேக்ஸியும் ஆப்ரி சில்பர்ஸ்டனும் 1959இல் பிரிட்டிஷ் மோட்டார் தொழிலை ஆராய்ந்து, உற்பத்தி பெருகப் பெருக ஒரு வண்டிக்கான செலவு எப்படி இறங்குகிறது என்பதை ஒரு வளைகோடாக வரைந்தார்கள். அதே தர்க்கத்தின் கடைசிப் படியில் நின்றுதான், 2008 டிசம்பரில் ஃபியட்டின் தலைவர் செர்ஜியோ மார்க்கியோனே, ஆண்டுக்கு 55 லட்சம் வண்டிகளாவது செய்யாத பெருநிறுவனம் பிழைக்க முடியாது என்றார்.

இரு தரப்பும் ஒரே பொருளை அளப்பதில்லை. நிதியியல் ஆய்வுகளில் பல, அறிவிப்பு வெளியான நாளை ஒட்டிய சில நாட்களில் பங்கு விலை எப்படி நகர்ந்தது என்று பார்க்கின்றன. சில ஆய்வுகள் இரண்டு மூன்று ஆண்டுகள் வரை போகின்றன. ஒரு புதிய காரை வரைபடத்திலிருந்து விற்பனைக்குக் கொண்டுவரவே நான்கைந்து ஆண்டுகள் ஆகும் தொழிலில், அந்தக் கால அளவுக்குள் தெரிவது சந்தையின் எதிர்பார்ப்பு மட்டுமே. விளைவு அப்போது பிறந்திருக்காது. மறுபுறம், அளவுதான் எல்லாம் என்பவர்கள் விற்பனை எண்ணிக்கைகளைக் கூட்டிப் பார்த்துத் திருப்தி அடைகிறார்கள். இரண்டு நிறுவனங்களின் விற்பனையைக் கூட்ட யாராலும் முடியும். கூட்டிய தொகைக்குக் கீழே இரண்டு என்ஜின்களும் இரண்டு அடிக்கட்டுமானங்களும் இரண்டு கொள்முதல் பிரிவுகளும் அப்படியே நீடித்தால், அளவின் பயன் காகிதத்தோடு நின்றுவிடும்.

இக்கட்டுரையின் வாதம் இதுதான். கார் நிறுவனங்களின் இணைப்பு வெற்றி பெறுவதும் தோற்பதும் வண்டியின் அடியில், அதாவது தொழிலில் பிளாட்ஃபார்ம் என்று சொல்லப்படும் அடிக்கட்டுமானத்திலும் என்ஜினிலும் கியர்பாக்ஸிலும், தீர்மானமாகிறது. அங்கே பொதுமை உருவாக இரண்டு தேவைப்படுகின்றன. பாதியில் நிற்கும் ஒரு மாடலை நிறுத்து என்று சொல்லும் ஐயமற்ற அதிகாரம் யாரிடமாவது இருக்க வேண்டும். பலன் வரும்வரை காத்திருக்கும் உரிமையாளர் இருக்க வேண்டும். பண்பாட்டு முரண், தலைவர்களின் அகந்தை, கொடுத்த விலை எல்லாம் இந்த இரண்டுக்கும் பிறகே வருகின்றன.

2. டெய்ம்லர்–கிரைஸ்லர்: பண்பாடு என்ற சுலபமான விளக்கம்

1998 மே 7 அன்று அறிவிக்கப்பட்ட டெய்ம்லர்-பென்ஸ், கிரைஸ்லர் இணைப்பின் மதிப்பு ஏறத்தாழ 3,600 கோடி டாலர். "சமமானவர்களின் இணைப்பு" என்று அது விற்கப்பட்டது. ஜூர்கன் ஷ்ரெம்பும் ராபர்ட் ஈட்டனும் இணைத் தலைவர்கள் ஆனார்கள். அடுத்த பத்தாண்டுகளுக்கு மேலாண்மைப் பள்ளிகள் இதைப் பண்பாட்டு மோதலின் பாடமாக நடத்தின: ஜெர்மானியரின் கண்டிப்பு, அமெரிக்கரின் துணிச்சல், விமானத்தில் யார் எந்த வகுப்பில் பறப்பது என்ற சச்சரவு. பத்திரிகைகளும் எந்த நிறுவன இணைப்பைக் கண்டாலும் கல்யாணம், தேனிலவு, விவாகரத்து என்று எழுதிப் பழகிவிட்டன. இந்த உவமை எதையும் விளக்குவதில்லை. மணமக்களில் ஒருவர் மற்றவரின் சமையலறையை மூடிவிட்டு லாபம் காட்ட வேண்டிய கட்டாயம் எந்தக் கல்யாணத்திலும் கிடையாது.

டெய்ம்லர் விலை கொடுத்து வாங்கியது என்ன என்று பார்த்தால் விஷயம் தெளிவாகும். தொண்ணூறுகளின் நடுவில் டெட்ராய்ட்டின் மூன்று பெருநிறுவனங்களில் ஒரு வண்டிக்கு அதிக லாபம் ஈட்டியது கிரைஸ்லர். அதற்குக் காரணமாக இருந்தவை அதன் பணி முறைகள். வடிவமைப்பாளர், பொறியாளர், கொள்முதல்காரர், ஆலைக்காரர் எல்லோரையும் ஒரு வண்டியைச் சுற்றி ஒரே குழுவாக உட்காரவைத்தது ஒன்று. உதிரிபாகம் தருவோரை விலைக்குக் கசக்காமல், செலவைக் குறைக்கும் யோசனையை அவர்களிடமிருந்தே வாங்கி லாபத்தைப் பகிர்ந்துகொண்டது மற்றொன்று. முதலாவது, கிரைஸ்லர் 1987இல் வாங்கிய அமெரிக்கன் மோட்டார்ஸிலிருந்து வந்தது. அங்கே பொறியியல் தலைவராக இருந்த ஃபிரான்ஸ்வா காஸ்டேங்தான் அந்தக் குழுமுறையைக் கிரைஸ்லருக்குள் கொண்டுவந்தார். சிறிய நிறுவனம் ஒன்றைப் பெரியது விழுங்கி, விழுங்கப்பட்டதிடமிருந்தே வேலை செய்யும் முறையைக் கற்றுக்கொண்ட அந்த இணைப்பைப் பற்றி அதிகம் எழுதப்படவில்லை. ஜீப் என்ற பெயரும் அதோடு சேர்ந்து வந்தது.

1998க்குப் பிறகு இந்த முறைகளைச் சுமந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். உதிரிபாக நிறுவனங்களுடனான உறவுக்கு முகமாக இருந்த டாம் ஸ்டால்காம்ப் 1999இல் அனுப்பப்பட்டார். 2000ஆம் ஆண்டின் மூன்றாம் காலாண்டில் கிரைஸ்லர் பிரிவு 50 கோடி டாலருக்கு மேல் நட்டம் காட்டியது. அதே ஆண்டு அக்டோபரில், சமமானவர்களின் இணைப்பு என்பது தொடக்கத்திலிருந்தே தன் நோக்கமாக இருக்கவில்லை என்ற பொருள்பட ஷ்ரெம்ப் பத்திரிகைப் பேட்டியில் பேசினார். பெரும் பங்குதாரர் கிர்க் கெர்கோரியன் வழக்குத் தொடுத்துத் தோற்றார். வேறு பங்குதாரர்களின் கூட்டு வழக்கு 30 கோடி டாலரில் முடிந்தது. புதிதாக அனுப்பப்பட்ட டீட்டர் செட்ஷேயின் நிர்வாகம் 26,000 வேலைகளைக் குறைப்பதாக அறிவித்தது. உதிரிபாகம் தரும் எல்லோரும் 2001 ஜனவரி முதல் விலையில் 5 விழுக்காட்டைக் குறைக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. எந்த உறவுக்காக விலை கொடுக்கப்பட்டதோ அது அந்த ஒரு கடிதத்தோடு தீர்ந்தது.

வண்டிக்கு அடியில் நடந்தது இதைவிட முக்கியம். மெர்சிடிஸின் பாகம் கிரைஸ்லரில் போனால் மெர்சிடிஸின் மதிப்பு குறையும் என்ற அச்சத்தில், முதல் சில ஆண்டுகள் பகிர்வு ஏறக்குறைய நடக்கவேயில்லை. மெர்சிடிஸின் பழைய எஸ்எல்கே-யின் அடித்தளத்தில் வந்த கிரைஸ்லர் கிராஸ்ஃபயர் ஓர் ஓரத்து முயற்சி. மெர்சிடிஸ் இ-கிளாஸின் சஸ்பென்ஷன் பாகங்களையும் கியர்பாக்ஸையும் கொண்ட கிரைஸ்லர் 300 விற்பனைக்கு வந்தது 2004இல், அதாவது கையெழுத்தாகி ஆறு ஆண்டுகள் கழித்து. அது நன்றாக விற்றது. 2007இல் டெய்ம்லர் பொறுமை இழந்து கிரைஸ்லரின் 80.1 விழுக்காட்டைச் செர்பரஸ் என்ற முதலீட்டு நிறுவனத்திடம் 740 கோடி டாலர் ஒப்பந்தத்தில் விட்டது. அந்தப் பணத்திலும் பெரும்பகுதி கிரைஸ்லருக்குள்ளேயே போடப்பட்டது, டெய்ம்லரின் கைக்கு வரவில்லை. வேடிக்கை அதற்குப் பிறகுதான். மெர்சிடிஸ் எம்எல் வகையோடு அடிக்கட்டுமானத்தைப் பகிர்ந்து உருவான ஜீப் கிராண்ட் செரோக்கீ 2010இல் சந்தைக்கு வந்தபோது, கிரைஸ்லர் திவாலாகி மீண்டு ஃபியட்டின் கையில் இருந்தது. இணைப்பின் மிகச் சிறந்த விளைச்சல் அடுத்த உரிமையாளரின் களஞ்சியத்தில் சேர்ந்தது. பண்பாட்டு மோதல்தான் தோல்விக்குக் காரணம் என்றால், அதே மோதலுக்கு நடுவே கருக்கொண்ட இந்த வண்டி எப்படி உருவானது என்பதற்கு அந்த விளக்கத்தில் பதில் இல்லை. பகிர்வு தாமதமாகத் தொடங்கியது, பலன் வருமுன் உரிமையாளர் விற்றுவிட்டார் என்பது மூன்றையும் விளக்குகிறது: தொடக்க நட்டம், நடுவில் வந்த நல்ல வண்டி, கைநழுவிய லாபம்.

3. ரெனால்ட்–நிஸான்: ஒரு தோல்வியிலிருந்து கற்றதும் கற்காததும்

டெய்ம்லர் 1999 மார்ச்சில் நிஸானையும் வாங்கப் பேசிப் பின்வாங்கியது. அந்த மாதக் கடைசியிலேயே ரெனால்ட் உள்ளே வந்து 64,300 கோடி யென்னுக்கு நிஸானின் 36.8 விழுக்காட்டை எடுத்தது. நிஸானின் கடன் 2 லட்சம் கோடி யென்னைத் தாண்டியிருந்தது. பணமதிப்பில் டெய்ம்லரைவிட மிகச் சிறிய நிறுவனம், டெய்ம்லரே தொட அஞ்சிய சுமையை ஏற்றது. பார்த்தவர்களில் பெரும்பாலோர் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

ரெனால்ட்டின் தலைவர் லூயி ஷ்வைட்ஸருக்கு ஒரு முன்னனுபவம் இருந்தது. 1993இல் ரெனால்ட்டும் ஸ்வீடனின் வோல்வோவும் முழுமையாக இணையும் திட்டம், வோல்வோ பக்கத்து மேலாளர்களும் பங்குதாரர்களும் எதிர்த்ததால் டிசம்பரில் உடைந்தது. பிரெஞ்சு அரசின் பிடிக்குள் போய்விடுவோம் என்ற அச்சம் அதற்கு முக்கியக் காரணம். ஆகவே நிஸானில் அவர் இணைப்பு என்ற சொல்லையே தவிர்த்துக் கூட்டணி என்றார்; பெயர், தலைமையகம், பிராண்ட் எதையும் தொடவில்லை. அதே வேளையில் ரெனால்ட்டின் உயர் அதிகாரி கார்லோஸ் கோனை முழு அதிகாரத்தோடு டோக்கியோவுக்கு அனுப்பினார். 1999 அக்டோபர் 18 அன்று வெளியான மறுமலர்ச்சித் திட்டம் ஐந்து ஆலைகளை மூடுவதையும், 21,000 வேலைகளைக் குறைப்பதையும், கொள்முதல் செலவை 20 விழுக்காடு இறக்குவதையும், நிஸான் பங்கு வைத்திருந்த ஆயிரத்துச் சொச்சம் நிறுவனங்களில் பெரும்பாலானவற்றிலிருந்து வெளியேறுவதையும் ஒரே மூச்சில் அறிவித்தது. திட்டத்தை எழுதியவை ஒன்பது குழுக்கள். அவற்றில் இருந்தவர்கள் நிஸானின் இடைநிலை மேலாளர்கள். 1999 நிதியாண்டில் 68,400 கோடி யென் நட்டம். அடுத்த ஆண்டே 33,100 கோடி யென் லாபம்.

பிரான்சும் ஜப்பானும் சேர்ந்த இந்தக் கூட்டு, ஜெர்மனியும் அமெரிக்காவும் சேர்ந்ததைவிடப் பண்பாட்டுத் தொலைவு கூடியது. இருந்தும் முதல் ஐந்தாண்டுகளில் வேலை செய்தது. நிஸான் சாகக் கிடக்கிறது என்பதை நிஸானில் எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்ததால், கோனின் கத்தரி எங்கே வெட்டினாலும் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. கிரைஸ்லரில் அந்த ஒப்புதல் கிடையாது. லாபத்தில் இருக்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் தாங்கள் வாங்கப்பட்டுவிட்டோம் என்பதையே இரண்டு ஆண்டுகள் ஏற்கவில்லை.

ஆனால் நெருக்கடி தந்த அதிகாரம், நெருக்கடி தீர்ந்ததும் தேய்ந்தது. நிஸான் ரெனால்ட்டைவிட அதிக வண்டி விற்கத் தொடங்கியது. ரெனால்ட்டின் லாபத்தில் பெரும்பங்கு நிஸானின் ஈவுத்தொகையாகவே வந்த ஆண்டுகள் உண்டு. ஆயினும் ரெனால்ட்டிடம் நிஸானின் 43 விழுக்காட்டு வாக்குரிமை இருந்தது. நிஸானிடம் இருந்த ரெனால்ட்டின் 15 விழுக்காட்டுக்கு வாக்கே இல்லை. 2015இல் பிரெஞ்சு அரசு ரெனால்ட்டில் தன் வாக்கு வலிமையை இரட்டிப்பாக்க முயன்றது டோக்கியோவைக் கலவரப்படுத்தியது. 2017இல் கூட்டணியின் விற்பனை ஒரு கோடியைத் தாண்டியது என்று கொண்டாடிய ஓராண்டுக்குள், 2018 நவம்பரில், கோன் கைதானார். அவர்மீதான குற்றச்சாட்டுகளின் தகுதி இக்கட்டுரையின் எல்லைக்கு வெளியே. இங்கே முக்கியம், இரு நிறுவனங்களுக்கும் சேர்த்து முடிவெடுப்பது நடைமுறையில் அந்த ஒரு மனிதரையே சார்ந்திருந்தது என்பது. அவர் போனதும் முடிவெடுக்க இடமில்லாமல் போனது. 2023இல் இரு பக்கமும் தலா 15 விழுக்காடு என்று பங்குகள் சமப்படுத்தப்பட்டன. கூட்டணிக்குத் தரப்பட்ட மரியாதையான ஓய்வு என்றே அதைக் கொள்ள வேண்டும்.

4. ஒரகடத்தில் கண்ணுக்குத் தெரிந்தது

இந்தக் கூட்டணியின் பலமும் பலவீனமும் தமிழ்நாட்டிலேயே காணக் கிடைத்தன. சென்னைக்கு அருகே ஒரகடத்தில் 2010இல் திறக்கப்பட்ட ஆலை இரு பிராண்டுகளுக்கும் பொது; ஆண்டுக்கு நான்கு லட்சம் வண்டிகள் செய்யும் திறன் கொண்டது. ஆலையைப் பகிர்ந்தது சரியான முடிவு. அங்கிருந்து வந்த வண்டிகள் பகிரப்பட்ட விதம்தான் கேள்விக்குரியது. நிஸான் மைக்ரா சிறு மாற்றங்களோடு ரெனால்ட் பல்ஸ் ஆனது. நிஸான் சன்னி ரெனால்ட் ஸ்காலா ஆனது. ரெனால்ட் டஸ்டர் நிஸான் டெர்ரானோ ஆனது. டஸ்டரைத் தவிர இந்தப் பட்டியலில் நிலைத்து விற்றது எதுவுமில்லை. ஒரே வண்டிக்கு இரண்டு முகப்பும் இரண்டு டீலர் வலையும் வைத்தால், வாங்குபவர் இரண்டில் மலிவானதைக் கேட்பார் அல்லது இரண்டையும் விட்டுவிடுவார். 2015இல் வந்த க்விட் இதற்கு மாறானது. கூட்டணியின் பொது அடிக்கட்டுமானத்தில் புதிதாக உருவாகி, வெளியே முற்றிலும் தன் முகத்தோடு வந்து, நன்றாக விற்றது. அதே அடித்தளத்தில் வந்த டட்சன் ரெடி-கோ அந்த அளவுக்குப் போகவில்லை. அடியில் இருப்பது ஒன்றாகவும் மேலே இருப்பது வேறாகவும் அமைவது பகிர்வு. மேலே இருப்பதையே பெயர் மாற்றி ஒட்டுவது அதன் போலி. ஒரகடம் இரண்டையும் செய்தது. 2025இல் நிஸான் தன் 51 விழுக்காட்டை ரெனால்ட்டிடம் விட்டு ஆலையின் உரிமையிலிருந்து விலகியது.

ஒரகடத்திலிருந்து வெகு தொலைவில் இல்லாத இருங்காட்டுக்கோட்டையில் இருப்பது ஹூண்டாய். ரெனால்ட்–நிஸான் கூட்டணிக்கு அது எதிர் உதாரணம்.

5. சத்தமில்லாத வெற்றிகள்

1997இல் கியா நொடித்தது. கடன்காரர்கள் கடனில் பெரும்பகுதியைத் தள்ளுபடி செய்த பிறகு 1998இல் நடந்த ஏலத்தில், ஃபோர்டும் ஆர்வம் காட்டிய நிறுவனத்தை ஹூண்டாய் எடுத்தது. ஆராய்ச்சியும் பொறியியலும் ஒரே இடத்துக்குக் கொண்டுவரப்பட்டன. இரண்டு ஆண்டுக்குள், ஹூண்டாய் சொனாட்டாவின் அடித்தளத்தில் கியா ஆப்டிமா வந்தது. 2006இல் ஃபோக்ஸ்வேகனிலிருந்து பீட்டர் ஷ்ரயர் வந்து கியாவுக்கென்று ஒரு முகத்தை அமைத்தார். இரு பிராண்டுகளும் இன்றும் சந்தையில் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன; வண்டிக்கு அடியில் சண்டை இல்லை. ஹூண்டாய் இப்போது கியாவில் வைத்திருப்பது மூன்றில் ஒரு பங்கை ஒட்டியே என்றாலும், யார் முடிவெடுப்பது என்ற ஐயம் அங்கே எழுவதில்லை. 2022இல் அந்தக் குழுமம் விற்பனையில் உலகின் மூன்றாம் இடத்துக்கு வந்தது.

ஃபோக்ஸ்வேகன் 1991இல் செக் அரசிடமிருந்து ஸ்கோடாவின் 30 விழுக்காட்டை எடுத்துத் தொடங்கியது. பொது அடித்தளத்தில் வந்த முதல் ஸ்கோடாவான ஆக்டேவியா 1996இல் வெளியானது. முழு உரிமை 2000இல் கைக்கு வந்தது. ஆண்டு விற்பனை பத்து லட்சத்தைத் தாண்டியது 2014இல். இருபத்து மூன்று ஆண்டுகள். எந்தப் பங்குச்சந்தை ஆய்வின் கால அளவும் இதைப் பிடிக்காது. இதற்கும் முன்னால் ஆடியின் கதை இருக்கிறது. அறுபதுகளின் நடுவில் ஆடியின் முன்னோடியான ஆட்டோ யூனியனை ஃபோக்ஸ்வேகனிடம் விற்றது வேறு யாருமல்ல, டெய்ம்லர்-பென்ஸ். அந்த நிறுவனத்தின் வரலாற்றில், தன் கையிலிருந்ததைப் பலன் வருமுன் விற்பது ஒரு வழக்கமாகவே தெரிகிறது. ஹூண்டாயில் வைத்திருந்த ஏறத்தாழ 10 விழுக்காட்டையும் 2004இல் அது விட்டுவிட்டது.

இவை இணைப்புகள் அல்ல, பெரியது சிறியதை வாங்கியவை என்று மறுக்கலாம். மறுப்பு சரியே, அதுவே இங்கே வாதமும். சட்டப்படி இணைப்பா வாங்குதலா என்பது வழக்கறிஞர்களின் அக்கறை. அதிகாரம் ஒரே இடத்தில் இருக்கிறதா என்ற அளவுகோலில், சமமானவர்களின் இணைப்பு என்று அறிவிக்கப்படுபவை பிறவியிலேயே பின்தங்குகின்றன. 1968இல் லேலண்டும் பிரிட்டிஷ் மோட்டார் ஹோல்டிங்ஸும் சேர்ந்த பிரிட்டிஷ் லேலண்டில் ஒன்றோடொன்று போட்டியிடும் மாடல்களை வெட்டும் துணிவு யாருக்கும் வரவில்லை. ஏழே ஆண்டில் அதை அரசுடைமையாக்க வேண்டியதாயிற்று.

6. இரண்டு கடினமான மறுப்புகள்

முதல் மறுப்பு பிஎம்டபிள்யூ. 1994இல் 80 கோடி பவுண்டுக்கு ரோவரை வாங்கிய அந்த நிறுவனத்தில் அதிகாரம் தெளிவு. குவாண்ட் குடும்பத்தைப் போலப் பொறுமையான பங்குதாரர் ஐரோப்பாவில் அரிது. ஆயினும் 2000இல் ரோவரை வெறும் 10 பவுண்டுக்குக் கைகழுவ நேர்ந்தது. அதிகாரமும் காலமும் போதுமென்றால் இது ஏன் தோற்றது? காரணம், அடியில் பகிர எதுவும் இல்லை. பிஎம்டபிள்யூ செய்தவை பின்சக்கரம் உந்தும் விலையுயர்ந்த வண்டிகள். ரோவர் செய்தவை ஹோண்டாவோடு சேர்ந்து உருவாக்கிய முன்சக்கர வண்டிகள். ரோவர் 75க்குத் தனியாக அடித்தளம் போடப்பட்டது. இருந்த அதிகாரத்தையும் முதல் சில ஆண்டுகள் பயன்படுத்தாமல் ரோவரைத் தன்போக்கில் விட்டார்கள். ஆகவே என் வாதத்தை ஒரு திருத்தத்தோடு சொல்ல வேண்டும்: இரண்டு நிறுவனங்களின் வண்டிகளும் ஒரே அளவு, ஒரே அமைப்பு என்ற எல்லைக்குள் இருந்தால்தான் அதிகாரத்துக்கும் காலத்துக்கும் வேலை உண்டு. 1989இல் ஜாகுவாரை 250 கோடி டாலருக்கும், பின்னர் லேண்ட் ரோவரையும் வாங்கிய ஃபோர்டு, 2008இல் இரண்டையும் சேர்த்து 230 கோடிக்கு டாடாவிடம் விற்றதிலும் இந்தப் பொருத்தமின்மைக்குப் பங்கு உண்டு. டாடாவோ தன் வண்டிகளோடு அவற்றைக் கலக்க அவசரப்படவில்லை. இணைக்கவே இல்லை என்பதால் அது வேறு வகை.

இரண்டாவது மறுப்பு கூடுதல் கனமானது. 2021 ஜனவரியில் பியூஜோ குழுமமும் ஃபியட் கிரைஸ்லரும் சேர்ந்து ஸ்டெல்லாண்டிஸ் ஆனபோது, நான் கேட்கும் எல்லாமே இருந்தன. இரு பக்கமும் குடும்பப் பங்குதாரர்கள். தலைமையில் கார்லோஸ் டவாரெஸ். ஜெனரல் மோட்டார்ஸிடம் 1999 முதல் நட்டத்தில் கிடந்த ஓப்பலை 2017இல் வாங்கி, அடுத்த ஆண்டே லாபத்துக்குத் திருப்பியவர் அவர். அங்கே அவர் செய்த முதல் காரியங்களில் ஒன்று, ஜெனரல் மோட்டார்ஸின் அடித்தளத்தில் ஏறக்குறைய முடிந்துவிட்ட புதிய கோர்ஸாவை நிறுத்திவிட்டு, அதைப் பியூஜோவின் அடித்தளத்தில் மறுபடியும் உருவாக்கவைத்தது. நிறுத்தும் அதிகாரம் என்று நான் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. ஸ்டெல்லாண்டிஸ் 2023இல் 1,860 கோடி யூரோ நிகர லாபம் காட்டியது. 2024இல் அது 550 கோடியாக விழுந்தது. அமெரிக்க டீலர்களின் முற்றங்களில் வண்டிகள் தேங்கின. டிசம்பர் முதல் தேதி டவாரெஸ் விலகினார். 2025இன் முதல் பாதி நட்டத்தில் முடிந்தது.

இதைக் கொண்டு பொதுமைப்படுத்தலே பொய் என்று சொல்லிவிடலாமா? லாபம் எங்கிருந்து வந்தது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பெருந்தொற்றுக் காலத்தின் சிப் தட்டுப்பாட்டில் வண்டி கிடைப்பதே அரிதாக இருந்ததால், எல்லா நிறுவனங்களும் விலையை ஏற்றிச் சம்பாதித்தன. ஸ்டெல்லாண்டிஸ் அதையும், கொள்முதலில் கசக்கியதையும், ஆட்குறைப்பையும் இணைப்பின் விளைச்சல் கணக்கில் சேர்த்தது. மறுபுறம் ஜீப் செரோக்கீ, டாட்ஜ் சேலஞ்சர் போன்ற வண்டிகள் 2023இல் நிறுத்தப்பட்டபோது அவற்றின் இடத்தில் நிற்க வேண்டியவை தயாராக இல்லை. நிறுத்தும் அதிகாரம் இருந்தது. நிறுத்தியதற்குப் பதில் வைக்கும் காலம் கொடுக்கப்படவில்லை. கோர்ஸாவில் இரண்டும் சேர்ந்து நடந்தன, செரோக்கீயில் பாதி மட்டும். பதினான்கு பிராண்டுகளில் ஒன்றைக்கூட மூடத் துணியாததும் கவனிக்கத் தக்கது. இரு குடும்பங்களும் பிரெஞ்சு அரசும் உட்கார்ந்திருக்கும் நிர்வாகக் குழுவில் டவாரெஸின் அதிகாரம் செலவைக் குறைப்பதற்கு முழுமையானதாகவும், பிராண்டை மூடுவதற்கு இல்லாததாகவும் இருந்தது என்று நான் வாசிக்கிறேன். மூன்று ஆண்டுகால லாபத்தைக் கண்டு இதை வெற்றி என்று எழுதியவர்கள், மூன்று நாள் பங்கு விலையைக் கண்டு தோல்வி என்று எழுதுபவர்களின் உறவினர்களே.

7. நடக்காத ஓர் இணைப்பு, மாறிவரும் பொருள்

2024 டிசம்பர் 23 அன்று ஹோண்டாவும் நிஸானும் ஒரே தாய் நிறுவனத்தின் கீழ் வருவது குறித்துப் பேச்சைத் தொடங்குவதாக அறிவித்தன. 2025 பிப்ரவரி 13 அன்று கைவிட்டன. நிஸானைத் தன் துணை நிறுவனமாக்க வேண்டும் என்று ஹோண்டா நடுவில் கேட்டதும் நிஸான் அதை மறுத்ததும் முறிவுக்குக் காரணம். நிஸானின் கர்வம் என்று பலர் எழுதினார்கள். ஹோண்டாவின் பக்கமிருந்து பார்த்தால், யார் நிறுத்துவது என்ற கேள்வியைக் கையெழுத்துக்குப் பின் அல்ல, முன்னாலேயே கேட்டதற்காக அந்நிறுவனத்தைப் பாராட்ட வேண்டும். டெய்ம்லர் 1998இல் கேட்காத கேள்வி அது. நிஸான் அந்த நிதியாண்டை ஏறத்தாழ 67,000 கோடி யென் நட்டத்தில் முடித்து, 20,000 வேலைகளையும் பதினேழில் ஏழு ஆலைகளையும் குறைக்கும் திட்டத்தை அறிவித்தது. 1999இல் இருந்த நெருக்கடி திரும்பிவிட்டது. அன்றிருந்த ஒப்புதல் திரும்பவில்லை.

இணைப்பினால் கிடைக்க வேண்டிய பொருளும் இதற்குள் மாறிக்கொண்டிருக்கிறது. மின்வண்டியில் அடிக்கட்டுமானம் என்பது மின்கலமும் மோட்டாரும், அவற்றை இயக்கும் மென்பொருளும். பழைய பெருநிறுவனங்கள் இரண்டு சேர்ந்தாலும் இவற்றில் இருவரிடமும் இல்லாதது இல்லாததாகவே இருக்கும். எனவே அவை அதை வெளியே வாங்கத் தொடங்கியிருக்கின்றன. ஃபோக்ஸ்வேகன் 2023இல் சீனாவின் எக்ஸ்பெங்கில் ஐந்து விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவான பங்கை எடுத்தது. 2024இல் அமெரிக்காவின் ரிவியனோடு 580 கோடி டாலர் வரை போகக்கூடிய கூட்டு முயற்சியில் இறங்கியது. ஸ்டெல்லாண்டிஸ் 2023இல் 150 கோடி யூரோ கொடுத்துச் சீனாவின் லீப்மோட்டாரில் ஏறத்தாழ 21 விழுக்காட்டை வாங்கியது. அதன் வண்டிகளைச் சீனாவுக்கு வெளியே விற்கும் கூட்டு நிறுவனத்தில் 51 விழுக்காடு ஸ்டெல்லாண்டிஸிடம் இருக்கிறது. பதினான்கு பிராண்டுகளைச் சேர்த்துக் கட்டியவர்கள், 2015இல் தொடங்கிய ஒரு சீன நிறுவனத்தின் வண்டியைத் தங்கள் டீலர்கள் வழியே விற்கிறார்கள்.